பச்சைப் புடவைக்குப் பின்னால் வந்தவன்

வர வர ஜனங்களுக்கு எதைப் பார்த்துச் சிரிப்பது என்றே தெரியாமல் போய்விட்டது. புத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் சேற்றில் வழுக்கி விழுந்தால் கை கொடுத்துத் தூக்க ஆளில்லை, செல்லை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். விழுந்தவனும் எழுந்து, அந்தப் படத்தைத் தனக்கும் அனுப்பச் சொல்கிறான். கல்யாண வீட்டில் பெண்ணின் தாய் அழுதால், வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தரம் அழுங்கள் என்கிறான் போட்டோக்காரன். அவளும் அழுகிறாள். நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மாந்தோப்பும் கொஞ்சம் நெல்லும்தான் எனக்குத் தெரியும். எதையும் சுலபத்தில் நம்ப மாட்டேன். டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தால் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். டிவியில் மழை வரும் என்று சொன்னால் அன்றைக்குத்தான் நெல்லைக் காயப் போடுவேன்.

அப்படிப்பட்டவன் இந்த வருஷம் திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

என் மகள் தரணி திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். அந்த பஸ்ஸில்தான் கிரண்குமார் அவளைப் பார்த்தான். சித்தூரில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் ஜெகநாதனின் மகன். எங்களுக்குத் தூரத்து உறவு. திருப்பதியில் மோட்டார் பைக் விற்கிற ஷோரூமில் வேலை. பைக் விற்கிறவன் பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினான் என்றால் தரணிக்காகத்தான். இதை அவன் அப்பாவே பெருமையாகச் சொன்னான்.

"சம்மந்தி, எம் பையன் பஸ்ஸுல தொங்கிக்கினு போறான். எதுக்கு? உங்க பொண்ணுக்காவ! இந்தக் காலத்துல எவன் போவான்?"

பெண் கேட்டு வந்த அன்றே தரணி முடியாது என்றாள். என் மனைவி பொன்னியம்மாள், "வெக்கப்படுறா" என்றாள். இரண்டாம் தரமும் முடியாது என்றாள். "தங்கமான பையன்டி, உன்னையே சுத்திக்கினு கீறான்" என்றாள் பொன்னியம்மாள். "அதாம்மா வேணாங்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தரணி உள்ளே போய்விட்டாள். எனக்கு அது விளங்கவில்லை. ஜெகநாதன்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு, மண்டிக்காரன் ஆயிற்றே. பையன்மேல் ஒன்றும் தோன்றவில்லை.

நான் யோசிப்பதைப் பார்த்து ஜெகநாதன் என்னைச் சித்தூருக்கு வரவழைத்தான். அப்பனும் மகனுமாக என்னை ஒரு தெலுங்குப் படத்துக்குக் கூட்டிப்போனார்கள். நான் தியேட்டருக்குள் கால் வைத்து எத்தனையோ காலம் ஆகிறது. குளிர்ந்த இருட்டு. திரையோ எங்கள் ஊர் ஏரிக்கரை நீளம். அதில் ஒரு பெண்ணின் முகம் வந்தது. அவள் ஒரு கண் மட்டும் எங்கள் வீட்டுக் கதவு அளவு இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், கும்பிடலாமா என்று கை எழுந்தது.

அந்தப் பெண் டாக்டராம். ஆனால் தோசை திருப்பத் தெரியாது, தெருவைத் தாண்டத் தெரியாது. சமமான தரையில் நடந்து வந்து தானாகத் தடுக்கி விழுவாள், அந்தப் பையன் எங்கிருந்தோ வந்து பிடிப்பான். அவள் போகிற இடமெல்லாம் அவன் போவான். அவள் திட்டுவாள், அவன் கண்ணடிப்பான். அவள் செருப்பைக் கழற்றுவாள், அவன் பாட ஆரம்பித்துவிடுவான். "பொண்ணு முடியாதுன்னா சம்மதம்னு அர்த்தம்" என்று தன் தோழனிடம் சொல்வான், தியேட்டரே விசிலடிக்கும். இடைவேளைக்குப் பிறகு அவனுக்கு அடிபட்டுத் தலையில் கட்டுப் போட்டார்கள். உடனே அவள் ஓடி வந்து அழுதாள். மூக்கு ஒழுகாமல் ஒரு மனுஷி எப்படி அழ முடியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்து பிரியாணி தின்னும்போது ஜெகநாதன் என் தொடையைத் தட்டினான். "பாத்தீங்களா சம்மந்தி, பொண்ணுங்க மொதல்ல அப்டித்தான் முறுக்கிக்கும். போவப்போவ செரியாப் பூடும்."

பெரிய திரையில் பார்த்ததாலோ, வயிறு நிறைந்ததாலோ, இருக்கலாம் என்று எனக்கும் பட்டது. ஜாத்திரை முடிந்த வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று பேசிவிட்டு வந்தேன். தரணி என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

இனி ஜாத்திரைக்கு வருகிறேன். போன வருஷம் மாமரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு விலகிப் படுத்துவிட்டேன். புத்தூரிலேயே எலும்புக் கட்டு போட்டார்கள். எழுந்து நடந்தால் ஜாத்திரையில் பெண் வேஷம் கட்டுகிறேன், தெருவில் இறங்கினதிலிருந்து கோயில் போய்ச் சேரும்வரை வாய் திறக்க மாட்டேன் என்று கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்டேன். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அந்தக் காலத்தில் திருப்பதிப் பக்கம் ஒரு பாளையக்காரன் எந்தப் பெண்ணையும் விட்டுவைக்கவில்லையாம். கங்கம்மாவையும் கையைப் பிடித்தானாம். அவள் துரத்த, அவன் ஓடி ஒளிந்தான். அவள் விதவிதமாக வேஷம் கட்டிக்கொண்டு தேடி, வெளியே வரவழைத்துத் தலையை எடுத்தாள் என்பது கதை. அதனால்தான் ஜாத்திரையில் வேஷம் கட்டுவது. ஆம்பிளைகள் அன்றைக்குப் புடவை கட்டி, பூ வைத்து, அவள் முன்னால் போய் நிற்பார்கள். போலீஸ்காரனும் கட்டுவான், ஆட்டோ ஓட்டுகிறவனும் கட்டுவான், பி.டெக் படிக்கிறவனும் கட்டுவான். யாரும் கேலி பேச மாட்டார்கள்.

மீசையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். வீட்டுப் பெண்ணின் புடவைதான் கட்டவேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். பொன்னியம்மாளின் புடவைகள் எல்லாம் நைந்து கிடந்தன. தரணி ஒன்றும் பேசாமல் தன்னுடைய கிளிப்பச்சைப் புடவையைக் கொண்டுவந்து கட்டிவிட்டாள். லேபுக்கு அவள் அடிக்கடி கட்டிப்போகிற புடவை. நானும் அவளும் ஒரே உயரம், ஒரே ஒல்லி. சவுரி முடி வைத்து, மல்லிகை சுற்றி, முகத்தில் சந்தனம் பூசி, முக்காடு போட்டுவிட்டாள். கடைசியாக என் விரல்களுக்கு நடுவில் ஒரு ஊக்கைச் செருகினாள்.

"இது இன்னாத்துக்கு?"

"வெச்சுக்கோ நைனா. கூட்டத்துல தேவப்படும்."

அத்தனை நாளுக்கு அப்புறம் அவள் என்னோடு பேசியது அதுதான்.

சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. கோயில் தெரு முழுக்க மனுஷத் தலை. பம்பை அடிக்கிற சத்தம் நெஞ்சுக்குள் போய்த் திரும்பி வந்தது. எலுமிச்சை மாலையும் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் சேர்ந்து ஒரு வாசனை. எனக்கு முன்னால் ஆறடிக்கு ஒரு பயில்வான் பட்டுப்புடவை கட்டி, கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டபடி போனான். அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்கி சந்தனத்தைக் கரைத்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. பொன்னியம்மாளும் தரணியும் என்னோடுதான் வந்தார்கள். கூட்டம் ஒரு திருப்பத்தில் நெருக்கி, அவர்களை முன்னால் கொண்டுபோய்விட்டது. நான் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தேன்.

அப்போது காதுக்குப் பின்னால் விசில் கேட்டது. அந்தப் படத்துப் பாட்டு.

"ஏய், தரணீ. பச்சைக் கிளி இன்னைக்கு ரொம்ப அழகா கீதே."

கிரண்குமார் குரல். புடவையைப் பார்த்து ஏமாந்துவிட்டான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. வாய் திறக்கக்கூடாது என்று வேண்டுதல், ஆனால் திரும்பி முகத்தைக் காட்டியிருக்கலாம். நான் காட்டவில்லை. வரப்போகிற மாப்பிள்ளை என்னதான் பேசுகிறான் பார்ப்போம் என்று நினைத்தேன். எவனையும் நம்பாத புத்தி.

"இன்னா, கோவமா? பேச மாட்டியா? போன வாரம் பஸ்ஸுல என் கைய நெகத்தால கீறினியே, இன்னும் காயம் ஆறல. அதத் தடவிப் பாத்துக்கினுதான் தூங்கறேன்."

எனக்குச் சிரிப்பு நின்றது. நடையை எட்டிப் போட்டேன். அவனும் எட்டிப் போட்டான். மூச்சு என் பிடரியில் பட்டது.

"ஓடு ஓடு. ஓடினாதானே தொரத்தறதுக்கு நல்லா இருக்கும். வெள்ளிக்கெழம அப்புறம் எங்க ஓடுவே? உங்க நைனாவே எம் பாக்கெட்டுல கீறாரு. கெழவனுக்கு ஒரு சினிமா, ஒரு பிரியாணி. அவ்ளோதான், மடிஞ்சுட்டாரு."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். சினிமாவில் வருகிற அதே சிரிப்பு. அந்தத் தியேட்டரில் முன்னூறு பேர் விசிலடித்த சிரிப்பு. முதுகுப் பக்கமிருந்து கேட்டால் அது வேறு மாதிரி இருக்கிறது. எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வயலில் காட்டுப்பன்றி ஒன்று புதருக்குள் நின்று மூச்சு விடும், உருவம் தெரியாது. அப்போது கால் எப்படிக் கனக்குமோ அப்படிக் கனத்தது.

"கல்யாணம் ஆனா லேபு கீபு எல்லாம் கெடையாது, ஆமா. என் பொண்டாட்டி ஊசி குத்திக்கினு திரிய வேணாம்."

இடுப்பில் ஒரு கை வந்து பட்டது.

நான் நெல் மூட்டை தூக்கினவன். தோப்பில் திருடனைத் துரத்திப் பிடித்துக் கட்டிப்போட்டவன். அந்தக் கை பட்டதும் எனக்கு ஊக்கு ஞாபகம் வந்தது, திறப்பதற்குள் அது நழுவிக் கீழே விழுந்துவிட்டது. கத்த நினைத்தேன். வேண்டுதலாவது ஒன்றாவது, கத்தலாம் என்றே நினைத்தேன். குரல் வரவில்லை. சுற்றி அத்தனை ஜனம். ஒருத்தனும் பார்க்கவில்லை.

ஒருத்தி பார்த்திருந்தாள்.

தலையில் மாவிளக்குத் தட்டோடு ஒரு தடித்த அம்மாள், எதிர்ப்பக்கத்து வரிசையிலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக என்னிடம் வந்தாள். என் முழங்கையைப் பிடித்தாள். "இன்னாக்கா, எம்மா நேரமா தேடறோம்! நம்ம ஆளுங்க எல்லாம் இங்க கீறாங்க, வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். அவளை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அவள் இழுத்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கல்லூரிப் பெண், ஒருத்தி பல் போன கிழவி, ஒருத்தி இடுப்பில் குழந்தை. ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகவும் இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கல்லூரிப் பெண் செல்லைப் பார்த்தபடியே அரை அடி நகர்ந்து இடம் விட்டாள். நான் உள்ளே போனதும் குழந்தைக்காரி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். கிழவி இந்தப் பக்கம். வாசல் திறந்து மூடின மாதிரி இருந்தது.

நான் அசந்துபோனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் திரையில் பார்த்த முகத்தைவிட இதற்குத்தான் அதிகம் அசந்தேன். இதே ஜாத்திரைக்குச் சின்ன வயசிலிருந்து வருகிறேன். இதே தெருவில் இதே கூட்டத்தில் நடந்திருக்கிறேன். இதற்குள் இப்படி ஒரு பட்டாளம் போய்க்கொண்டிருந்தது என் கண்ணில் பட்டதே இல்லை. யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? தலையில் தட்டை வைத்துக்கொண்டு, இத்தனை பம்பைச் சத்தத்தில், அந்தக் கையை அவள் எப்படிப் பார்த்தாள்?

கிரண்குமார் விடவில்லை. "ஏய், எங்க போறே" என்று உள்ளே நுழைந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். தடித்த அம்மாளின் கை இடுப்பருகே லேசாக அசைந்தது. அவ்வளவுதான். "அம்மா!" என்று அலறிக்கொண்டு அவன் தொடையைப் பிடித்தான். ஆனால் முந்தானையை விடவில்லை. இழுத்த இழுப்பில் முக்காடு போயிற்று, சவுரி போயிற்று, மல்லிகை போயிற்று. என் வழுக்கைத் தலை வெயிலில் வந்தது.

"மாமா!" என்றான்.

அந்த இடமே சிரித்தது. எங்கிருந்தோ நாலைந்து செல் மேலே எழுந்தன. "இழுத்துப் பாத்தா தாத்தாடா!" என்று எவனோ கத்தினான். கிரண்குமாரும் வழிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தான். "நீங்களா மாமா? நான் தரணின்னு…" என்றான். தரணி என்றால் சரி என்கிற மாதிரி.

அந்தப் பெண்கள் சிரிக்கவில்லை. தடித்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆம்பளயா நீ?"

நான் தலையை ஆட்டினேன்.

"வேண்டுதலா?"

அதற்கும் ஆட்டினேன்.

"செரி, கோயில் வரைக்கும் எங்க கூடவே வா." என் முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டுத் தட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். நான் அவள் பின்னால் நடந்தேன்.

கோயிலுக்குள் கங்கம்மா அகலக் கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் எதற்காக வேஷம் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தாள் என்று பாட்டில் கேட்டிருக்கிறேன், கூத்தில் பார்த்திருக்கிறேன். உடம்புக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன். பின்னால் நின்றவன் தூக்கிவிட்டான்.

வெளியே வந்தபோது பொன்னியம்மாளும் தரணியும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். என் தலையைப் பார்த்ததும் பொன்னியம்மாள், "அய்யய்யோ, சவுரி எங்கங்க?" என்றாள். நான் தரணியைப் பார்த்தேன். வேண்டுதல் முடிந்தது, பேசலாம்.

"கிரணு என்னை நீன்னு நெனச்சு பின்னாலயே வந்தாம்மா."

அவள் முகம் மாறவில்லை. "ஊக்கு?"

"கீழ போட்டுட்டேன்."

"மொதல் தடவை அப்டித்தான்."

"தெனமும் இப்டியா?"

"தெனமும் இல்ல நைனா. ஞாயித்துக்கெழம லேபு லீவு."

சொல்லிவிட்டு அவள் என் நெற்றியில் வழிந்த சந்தனத்தைத் துடைத்தாள். பஸ்ஸில் போய், நாளெல்லாம் நின்று ஊர்க்காரர்களுக்கு ரத்தம் எடுத்து, திரும்ப அதே பஸ்ஸில் வந்து, வீட்டில் தோசையும் சுட்டுப் போட்டுவிட்டு, இதை ஒரு வார்த்தை கத்திச் சொல்லாமல் இவள் எப்படி இருந்தாள்? இல்லை, சொன்னாள். முடியாது என்று இரண்டு தரம் சொன்னாள். அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? என் பெண்ணை நான் அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது.

ஜெகநாதன் சிரித்துக்கொண்டே வந்தான், பின்னால் நொண்டிக்கொண்டு கிரண்குமார். ஜாத்திரைக்கு அவர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

"சம்மந்தி! இன்னா கூத்து இது! வயிறு நோவுது சிரிச்சு சிரிச்சு. எவனோ படம் புடிச்சு அனுப்பிட்டான். பாருங்க, கிளைமாக்ஸ் மாதிரி கீது!" செல்லை என் மூக்குக்கு நேரே நீட்டினான். நான் பார்க்கவில்லை.

"ஜெகநாதா, வெள்ளிக்கெழம நிச்சயம் கெடையாது."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "வெளையாட்டுக்குப் பண்ணான் சம்மந்தி. வயசுப் பையன். டேய், மாமா கால்ல உழுடா!"

கிரண்குமார் என் காலில் விழவில்லை. பூக்கடைக்காரியிடம் ஒரு முழம் ரோஜாவை வாங்கிக்கொண்டு வந்து, தரணிக்கு எதிரே ஒற்றை முழங்காலில் உட்கார்ந்தான். "ஸாரி தரணி. மன்னிச்சேன்னு சொல்ற வரைக்கும் ஏந்திருக்க மாட்டேன்" என்றான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. உடனே கூட்டம் கூடிவிட்டது. யாரோ கை தட்டினார்கள். "ஒப்புக்கோம்மா, பாவம்!" என்றாள் ஒரு கிழவி. திரும்பவும் செல்கள் மேலே எழுந்தன.

தரணி பூவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "அன்னைக்கே முடியாதுன்னு சொன்னேன். இன்னைக்கும் அதான். ஏந்திரு, போறவங்களுக்கு வழியில குந்திக்கினு கீறே."

ஜெகநாதன் என் காதருகே குனிந்தான். "பொண்ணுங்க அப்டித்தான் சொல்லும் சம்மந்தி. நீங்கதான் படத்துல பாத்தீங்களே. கண்ணுல தண்ணி வருது பாருங்க பையனுக்கு. இனிமே திருந்திடுவான். நம்புங்க."

நான் கிரண்குமாரைப் பார்த்தேன். அவன் அழுதபடியே ஓரக்கண்ணால் எந்தச் செல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொன்னியம்மா, வா. பஸ்ஸு போயிடும்" என்றேன்.

"அந்தப் புள்ளை அழுவுதுங்க" என்றாள் அவள்.

"அழுவட்டும்."

தரணி முன்னால் நடந்தாள். பொன்னியம்மாள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள். நான் புடவைக் கொசுவத்தைக் கையில் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். "சினிமா வேற, வாழ்க்கை வேற சம்மந்தி! அதப் பாத்து எவனாவது கெட்டுப் போவானா?" என்று ஜெகநாதன் பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தான். இருக்கலாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தேன்.